டிராக் பாடியவன்

ஒலிப்பதிவு என் தொழில். இருபது வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் பாடுகிறவர்களைக் குறை சொல்லியே காலம் தள்ளுகிறேன். என் குறையைப் பற்றி மட்டும் எட்டு வருஷம் மூச்சு விடவில்லை.

ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் கூப்பிட்ட கிட்டார்காரனின் கதை இது. கிட்டார் அவனை மாட்டிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகம் வரும், அப்படி ஒரு உடம்பு. நாலு பேர் சேர்ந்த ராக் குழுவில் பாட்டெல்லாம் இவன் கட்டியது. மேடையில் பாடிக் கைதட்டல் வாங்கியது துரை. துரை என்பது அவனுடைய மிடுக்குக்கு நாங்கள் கொடுத்த பட்டம்.

முதல் ஆல்பத்தைப் பத்தே நாளில் முடித்தோம். ஒட்டடை முதலில் டிராக் பாடுவான், அதாவது மற்றவர்கள் வாசிக்கத் துணையாக ஒரு குரல். பிறகு துரை வந்து, ஹெட்போனில் அதைக் கேட்டு, இழுப்பையும் மூச்சையும் அப்படியே பிடித்துப் பாடுவான். கடைசியில் டிராக்கை அணைத்துவிட வேண்டியது என் பொறுப்பு.

எல்லாப் பாட்டிலும் அணைத்தேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் ஓகோவென்று ஓடியது. துரையின் குரலுக்கு அடியில் ஒட்டடையின் குரலும் சேர்ந்து போகிறது என்று ஆல்பம் வெளியான பிறகே கவனித்தேன். துரையின் குரலில் ஏதோ இருக்கிறது என்று ஊரே உருகியது. பிழை என்று ஒப்புக்கொண்டால் யார் எனக்கு வேலை தருவார்கள்? வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஆல்பம் படுத்துவிட்டது. "உன் பாட்டுல உயிரே இல்லடா" என்றான் துரை. ஒட்டடை குழுவை விட்டு வந்து தனியாக ஒரு ஆல்பம் பாடினான். விமர்சனம் எழுதியவர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: துரையைக் காப்பியடிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொன்னேனா? சொல்லவில்லை. என் தலையில் நானே கொட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தனி ஆல்பத்துக்கு வந்தபோது அவன் சொந்தக் குரலைத் தேடினான். இழுப்பை வெட்டினான். அடித்தொண்டையில் கத்தினான். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியாகக் கேட்பான்.

"அக்கா, இதுல அவன் தெரியுறானா?"

"தெரியலடா. கொஞ்சம் ரெஸ்ட் எடு."

"பொய் சொல்றீங்க. திரும்ப எடுங்க."

கத்துவதை நிறுத்தச் சொன்னார் டாக்டர். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதம் இப்படி. ஒரு மத்தியானம் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. பழைய பதிவைத் தேடியெடுத்து, அவன் டிராக்கை மட்டும் தனியாகப் போட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டான். பிறகு கரகரத்தான்.

"இது எப்ப துரை பாடுனது?"

"துரை இல்லடா. நீ. வெளியான பாட்டுலயும் நீ இருக்க. நான் அணைக்க மறந்துட்டேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். மறுபடி போடச் சொன்னான். கூடவே பாடிப் பார்த்தான். இழுப்பு வந்த இடத்தில் தொண்டை நின்றுவிட்டது.

"நான் நல்லாத்தான் பாடியிருக்கேன், இல்லக்கா?"

"ஆமாடா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆனது. அதற்குள் அவன் குரல் போய்விட்டது.