சுவர் இல்லாத கதவு

என் மைத்துனனுக்குக் கடையில் வைத்த பெயர் ரேடியோ. கதவு விற்கிற கடை. இருபது கதவுகள் சுவர் இல்லாமல், நிலையோடு தனித்தனியாக நிற்கும். கீல் மாட்டுவதும், வாங்கியவர் வீட்டில் பொருத்துவதும் என் வேலை. விற்பது அவன் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்த பாவி நான்தான்.

ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். மரத்தைத் தட்டுவான், முகர்ந்து பார்க்கச் சொல்வான். "திருடனே வந்தாலும் மன்னிப்பு கேட்டுட்டுத் திரும்பிடுவான் சார்" என்பான். ஒருமுறை ஒரு மனிதர் தாங்க முடியாமல் பன்னிரண்டாம் நம்பர் கதவைத் திறந்து அந்தப் பக்கம் போய் இழுத்து மூடிக்கொண்டார். சுவர் கிடையாது என்பது அவருக்கு நினைவில்லை. இவனுக்கும் நினைவில்லை. மூடிய கதவைப் பார்த்துக் கால்மணி நேரம் பேசினான்.

இரண்டு மாதமாக ஒரு கதவும் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை முதலாளியம்மா அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒரு கதவு போகணும். இல்லேன்னா நீ போகணும். இனிமே வாயைத் திறக்காதே. வர்றவங்களைப் பேச விடு."

வேலை போனால் இவன் என் வீட்டு ஹாலில்தான் வந்து படுப்பான். போன தடவை எட்டு மாதம் படுத்திருந்தான். தூக்கத்திலும் பேசுவான்.

மறுநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். "படிக்கிற ரூமுக்குக் கதவு வேணும். இவ போன் பேசுறது உள்ள கேட்கக் கூடாது."

ரேடியோவின் உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றான்.

வாத்தியார் ஏழாம் நம்பருக்கு அந்தப் பக்கம் போய் மூடிக்கொண்டார். "பேசுடி, பார்ப்போம்."

"என்னத்தைப் பேச? வீட்டுல பேசினா பதிலா சொல்றீங்க? அதனாலதான் எங்க அக்காவுக்குப் போன் போடுறேன்."

"கேட்குதே!"

"அடேங்கப்பா! முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் கேட்குதாம்!"

சண்டை பிடித்துக்கொண்டது. நிலைக்கு இரண்டு பக்கமும் அவர்கள் முழங்கை வெளியே தெரிகிறது. ஒரு அடி நகர்ந்தால் முகம் பார்க்கலாம். நகரவில்லை. ரேடியோ நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் சொன்னான். வாங்காமல் போய்விட்டார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குத் திரும்ப வந்தார்கள். நேராக ஏழாம் நம்பர். ரேடியோ ஆளுக்கொரு ஸ்டூல் போட்டான். வியாழன், வெள்ளியும் அப்படியே. அந்தம்மா பிளாஸ்க்கோடு வந்தார். ஜன்னல் கதவு கேட்டு வந்தவர்கள் அதை மறந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இது கடையா, கோர்ட்டா?" என்றார் முதலாளியம்மா.

நான் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். "டேய், எடுத்துக்கிறீங்களான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டா."

"சும்மா இரு மாமா. அவங்க அண்ணன் கல்யாணத்துல இவரு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்தாருன்னு இப்பத்தான் சொல்ல வர்றாரு."

சனிக்கிழமை மணி பன்னிரண்டரை. முதலாளியம்மா அவனுடைய பையை எடுத்து மேஜை மேல் வைத்தார். அப்போது ஏழாம் நம்பர் திறந்தது.

"இதையே கொடுத்துடுங்க" என்றார் வாத்தியார்.

"படிக்கிற ரூம் வாசல் என்ன அளவு சார்?" என்றேன் நான்.

"ரூமுக்கு இல்ல. ஹால் நடுவுல நிக்கணும்."

"சுவர் வேண்டாமா?"

"இங்க மட்டும் இருந்துச்சா?" என்றார் அந்தம்மா.

முதலாளியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரேடியோ உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினான். பில் போட்டபிறகு அவர் பையை அவன் கையில் கொடுத்து, "திங்கட்கிழமை நேரத்தோட வா" என்றார். என் ஹால் பிழைத்தது.

அன்று சாயங்காலமே ரேடியோவையும் கூட்டிக்கொண்டு, கதவைக் கொண்டுபோய், அவர்கள் ஹால் நடுவில் தரையில் நாலு போல்ட் அடித்து நிறுத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, கல்லு மாதிரி நின்றது.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கட்டும்?" என்றேன்.

"என் பக்கம்" என்றார்கள் இரண்டு பேரும்.

"ஏன், சொல்லுங்க" என்று ரேடியோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.