கடல் வற்றினால் ஹிக்கிஷியோ

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் அந்தோனி அண்ணையும் நானும் கோப்பை கழுவினோம். மன்னாரில் கடலுக்குப் போனவர் அவர். கடல் பெருகினால் 'மிச்சிஷியோ', வற்றினால் 'ஹிக்கிஷியோ' என்று சமையல்காரரிடம் கேட்டுப் படித்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நானும் பாடமாக்கினேன்.

மீன் வெட்டும் மேசைக்கு ஆள் தேவைப்பட்டபோது முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "கடலைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார். அண்ணை ஆங்கிலத்தில் தடுமாறினார். நான் முந்திக்கொண்டு அந்தச் சொற்களை அடுக்கினேன். என் அப்பா மீனவர் என்றும் சொன்னேன். வேலை எனக்குக் கிடைத்தது.

உண்மையில் அப்பா யாழ்ப்பாணத்தில் வாத்தியார். மீன் கொண்டுவருபவரை எங்கள் வீட்டுப் படலைக்குள் விட்டதே இல்லை.

அன்று வேலை முடிந்ததும் அண்ணை கேட்டார்: "மீன்பிடிக்கிறவற்றை மகன் எண்டு சொன்னாய். உதை ஊரில போய்ச் சொல்லுவியோ, தம்பி?"

நான் மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். அடுத்த மாதம் அவர் பக்கத்து நகரான பிறம்ரனில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எட்டு வருடம் அந்த மேசையில் மீனவர் மகனாக நின்றேன். அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில், கந்தோரில் எழுத்து வேலை என்று எழுதினேன். அண்ணைக்கு நான் கொடுத்த பதில் அதுதான் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.