தேவகி பள்ளிப்பட்டுக்குப் போன நாள்

தேவகிக்கு வாய் நீளம். திருத்தணியில், அரக்கோணம் சாலையில் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் நடத்தும் ஆதரவற்றோர் இல்லத்தில் அவள் குரல் கேட்காத காலைப்பொழுது கிடையாது. எழுந்திருக்காதவர்களைத் திட்டுவாள், குளிக்க மறுப்பவர்களைத் திட்டுவாள், திட்டிக்கொண்டே புண்ணைத் துடைத்து மருந்தும் வைப்பாள். பதினோரு வருஷமாக இதுதான் அவள் வேலை. அதற்கு முன்பு கனகம்மாசத்திரம் பக்கத்தில் புருஷனோடு நெல்லும் வேர்க்கடலையும் பயிர் செய்துகொண்டிருந்தவள். அவனுக்கு நுரையீரல் கெட்டு, உறவுக்காரர்களெல்லாம் வாசலோடு நின்றுகொண்டபோது, இல்லத்துச் சிஸ்டர்கள்தான் எடுத்துவந்து நாற்பது நாள் பார்த்தார்கள். மூச்சு அடங்கும்போது அவன் தலை ஒரு சிஸ்டரின் மடியில் இருந்தது. காரியமெல்லாம் முடிந்தபின், இரவல் வாங்கிய வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள் தேவகி. அன்றைக்கு ஆள் போதாமல் அவர்கள் திண்டாடுவதைப் பார்த்துச் சேலையை இழுத்துச் செருகினாள். அவ்வளவுதான், தங்கிவிட்டாள். கிருத்திகைதோறும் முருகன் மலையேறி, நெற்றி நிறைய விபூதியோடு வேலைக்கு வருவாள். அதை அழி என்று அங்கே ஒருவரும் சொன்னதில்லை.

தெருவிலிருந்து வருகிறவர்களைக் குளிப்பாட்டுவது அவள் பொறுப்பு. பேனும் சிக்குமாக இருக்கும் தலையை முதலில் மொட்டையடித்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் மாற்றுடுப்பு, போட்டோ, போலீசுக்குத் தகவல் எல்லாம். படத்தில் ஆள் சுத்தமாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணம்தான். அதில் ஒரு கோளாறு இருப்பது இத்தனை வருஷமும் யாருக்கும் உறைக்கவில்லை. திருத்தணியில் மொட்டைத்தலையைப் பார்த்து யார் என்னத்தை யோசிப்பார்கள்?

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த நாலாம் நாள், பேருந்து நிலையத்தில் கிடந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாய் திறந்து பேர் சொல்லவில்லை. இடுப்பளவு கூந்தல் சேறும் சகதியுமாகக் கட்டிப்போயிருந்தது. தேவகி அதை வழித்தெடுத்தாள், அம்மு என்று பேர் வைத்தாள், சோறு ஊட்டினாள்.

அடுத்த வாரம் பள்ளிப்பட்டிலிருந்து மணவாளன் என்ற விசைத்தறிக்காரர் வந்தார். புத்தி பேதலித்த மனைவி சுதாவை மலைக்குக் கூட்டிவந்த இடத்தில் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டாராம். அவர் காட்டிய படத்தில் நீளப் பின்னலும் பூவுமாக ஒரு பெண் சிரித்தாள். சேறும் சிக்குமாக வந்த எந்த முகத்தோடும் அந்தச் சிரிப்பைப் பொருத்திப் பார்க்கத் தோன்றாமல், இப்படி யாரும் இங்கே வரவில்லையே என்றாள் தேவகி. ஆனாலும் மனசு கேட்காமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போனாள். தட்டுகளுக்கு முன்னால், மொட்டையும் அரைகுறையாக முடி முளைத்ததுமாக இருபது தலைகள் குனிந்திருந்தன. அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார், ஓரிடத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு இல்லை என்று தலையாட்டினார். படத்தின் நகலையும் விலாசத்தையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

தை பிறந்தது. அம்முவின் முடி காது வரை வளர்ந்திருந்தது. பொங்கலன்று எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, கனகாம்பரம் செருகி, பொட்டு வைத்து அவள் முகத்தை நிமிர்த்திய தேவகி சீப்பை அப்படியே போட்டாள். ஓடிப்போய்க் கோப்பைப் புரட்டி அந்த நகலை எடுத்தாள். அதே முகம், அதே சிரிப்பு. தலைமுடி ஒன்றுதான் வித்தியாசம்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மாசமாக ஒரு குடும்பத்தை அழவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பொறுப்பாளர் சிஸ்டர் நிர்மலா, தப்பு இல்லத்தின் மேல்தான், போய் உள்ளதை உள்ளபடி சொல்லுவோம், நானும் வருகிறேன் என்றார். தலையில் கத்தி வைத்தவள் நான்தான், நானே போகிறேன் என்றுவிட்டாள் தேவகி. மணவாளன் கொடுத்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. விலாசத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மறுநாள் பஸ் ஏறினாள்.

வீட்டின் முன்பகுதியில் தறி, பின்னால் சமையல். தறியின் இரைச்சலில் காது அடைத்தது. சுவரில் சுதாவின் படத்துக்கு மாலை போட்டு, சின்ன பல்ப் எரியவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தேவகி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளைக் கண்ட மணவாளன் தறியை நிறுத்தினார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததை அவள் ஒரே மூச்சில் கொட்டினாள். மொட்டையடித்தபின் படம் எடுத்தது, அவர் வந்தபோது தனக்கே அடையாளம் தெரியாமல் போனது, இப்போது முடி வளர்ந்து தெரிந்தது எல்லாவற்றையும் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் தறியில் அறுந்து தொங்கிய ஓர் இழையை எடுத்து முடிந்தார்.

"எனக்குத் தெரியும்மா. அன்னிக்கே தெரியும்" என்றார்.

தேவகிக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். ஆறு வருஷமாகச் சுதா வீட்டைவிட்டு ஓடுவதும், இவர் தேடிப் பிடித்துவந்து கட்டிப்போடுவதுமாக இருந்ததாம். மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தம் அம்மாவைப் பார்த்துக் கலைந்ததாம். மலையில் அவளைத் தொலைத்தது சத்தியமாக வேண்டுமென்று செய்ததில்லையாம். ஏழு நாள் சோறு தண்ணி இல்லாமல் தேடினாராம்.

"அன்னிக்கு உங்க கூடத்துல அவ எதுர்லயே நின்னேன். என்னை ஏறெடுத்துப் பாத்துட்டு மறுபடி சாப்ட்டுகினு இருந்தா. மூஞ்சில பயமே இல்ல. எங்க வூட்ல ஒரு நாளும் அப்டி உக்காந்து சாப்ட்டதில்லம்மா. எங்காலு தானா திரும்பிடுச்சி. நீங்களே வெச்சிக்குங்க. அவ பொணத்த போட்டோல போலீஸ்ல காட்னாங்கன்னு பொண்ணுகிட்ட சொல்லி, கருமாதியும் பண்ணிட்டேன். அதுக்கு மட்டும் தெரிய வேணாம்."

தேவகியின் வாய்க்கு அன்று என்ன வந்ததோ, திட்டு ஒன்றும் வரவில்லை. இந்த மனுஷனை என்னவென்று திட்டுவது? தன் புருஷனைத் தொடாமல் வாசலோடு நின்றுகொண்ட உறவுக்காரர்கள்மேல் இன்றுவரை ஆறாத கோபம் அவளுக்கு. இவர் முகத்தைப் பார்க்கையில் அது எழும்பவே இல்லை. அழுகைதான் வந்தது.

தறிக்காரர்களுக்கு மெல்லப் பேசிப் பழக்கமில்லை. காலையிலிருந்து இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் குரல் அப்படியே ஆகிவிடும். மணவாளன் தறியை நிறுத்தினாரே தவிர, குரலை இறக்கவில்லை. பின்கட்டு வரைக்கும் அத்தனையும் கேட்டிருந்தது. கையில் தண்ணீர்ச் சொம்போடு அவர் மகள் கவிப்பிரியா நிலைப்படியில் நின்றிருந்தாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும்.

சொம்பைத் தேவகியிடம் கொடுத்தாள்.

"அம்மா இப்போ சாப்புடுதாக்கா?"

"ஆங். நல்லா சாப்புடுதும்மா."

கவிப்பிரியா சுவரருகே போய் பல்பை அணைத்தாள். மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அப்பன் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"எனக்காகத்தான்னு மட்டும் சொல்லாத நைனா."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி நின்றாள். மணவாளன் தறிக்கட்டையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுதாவுக்கு என்னைத் தெரியாதே, நான் வந்து என்ன ஆகப்போகிறது என்று முணுமுணுத்தார். தேவகி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

"அதுக்கு உங்களத் தெரியாட்டி போவுது. உங்களுக்கு அதத் தெரியுதில்ல? எழுந்து வாங்க" என்றாள்.