மஸல் பேய்க்குக் குரல் கொடுத்தவர்

வரக்காப்பொலையிலிருந்து உள்ளே போகும் றப்பர் தோட்டமொன்றில், மாரியம்மன் தேரின் முன்தண்டு பதினாறு வருடங்களாகச் சதீஸின் தோளில்தான் இருந்தது. அந்தத் தேருக்குச் சில்லு கிடையாது. இருபது பேர் சுமக்க வேண்டும். முன்தண்டுக்காரர் "தாயே, ஏறி வா!" என்று கத்துவார். அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாத் தோள்களும் ஒன்றாக எழும். அது கேட்காமல் யாரும் மேட்டில் அடி வைப்பதில்லை.

தோட்டத்து ஸ்டோரில் றப்பர் ஷீட் கட்டுகளைச் சுமந்து இறுகிய உடம்பு அவருக்கு. அதைப் பார்த்துத்தான் போன வருடம் டவுனில் போன் கடை வைத்திருக்கும் அப்ஹம் வந்தான். நண்பர்களோடு ஒரு கேம் செய்கிறானாம். பேய் பிடித்த துரை பங்களா. கடைசிக் கதவை மறித்து நிற்கும் பேயை அடித்து விழுத்தினால்தான் வெளியே போகலாம். அந்தப் பேய்க்குச் சதீஸின் உடம்பு வேண்டும். சிங்களத்தில் இருந்த ஒப்பந்தத்தை அவர் மனைவி, என் தங்கை கோகிலா, படமெடுத்து எனக்கு அனுப்பினாள். டோஹாவிலிருந்து வாசித்துவிட்டு, "ஒன்னுமில்ல, மச்சான கையெழுத்துப் போடச் சொல்லு" என்றேன். அவருடைய குரலையும் கேமில் எப்படியும் பயன்படுத்தலாம் என்ற வரியும் அதில் இருந்தது. வாசித்தேன், யோசிக்கவில்லை.

"அண்ண, பாரம் தூக்கக்குள்ள வார சத்தத்த அப்பிடியே போடுங்களே" என்று குரல் பதியும்போது சொன்னான் அப்ஹம்.

பாரம் என்றால் சதீஸுக்கு ஒரே சத்தம்தான் தெரியும். அதைப் போட்டார்.

தைப்பூசத்துக்குள் தோட்டத்துப் பிள்ளைகளின் போனெல்லாம் அந்தப் பேய்தான்; உடம்பைப் பார்த்து 'மஸல் பேய்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அடிக்க ஓடி வரும்போதெல்லாம் அது "தாயே, ஏறி வா!" என்று கத்தியது.

கோயில் தலைவர் ஏழுமலை சதீஸை ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"ஆத்தாளக் கூப்புட்ட வாயால பேயக் கத்த வச்சிட்டியேப்பா. இனி ஒனக்கு எதுக்குத் தண்டு?"

"தெரியாமப் போட்டுட்டேங்க. தண்ட மட்டும் வாங்கிறாதீங்க."

சதீஸ் அப்ஹமிடம் ஓடினார். "அழிச்சிரு தம்பி."

"எத்தனையோ பேர்ட போன்ல ஈக்கிது அண்ண. நாங்க மாத்தினாலும் பழசு போகாது."

இரண்டு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கோகிலா சொன்னாள். திரும்பவும் போய்த் தலைவர் வீட்டு வாசலில் நின்றார். கடைசியில் ஏழுமலை இறங்கி வந்தார்.

"சரி, தூக்கு. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. சத்தத்த என் மகன் போடுவான். நீ கத்துனா அதோட தண்டு போச்சு, பாத்துக்க."

"தொறக்க மாட்டேங்க."

திருவிழா அன்று தேர் மழையில் வந்தது. கோயில் மேட்டில் தலைவர் மகன் முன்னாலிருந்து கத்தினான். பின்னால் இருந்தவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமில்லை. பாதிப் பேர் தூக்கினார்கள். மீதிப் பேர் சதீஸின் சத்தத்துக்காகக் காத்து நின்றார்கள். தேர் இடப்பக்கம் சாய்ந்தது.

"கத்துங்கண்ணே! கத்துங்க!" என்று பின்னாலிருந்து அலறினார்கள்.

சதீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பாரத்தையும் தன் தோளில் வாங்கினார். எலும்பு முறிந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டதாகக் கோகிலா சொல்கிறாள். மற்றவர்கள் வந்து தாங்கும்வரை தேர் விழவில்லை.

கேகாலை ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். இனிப் பாரம் தூக்கவே கூடாதாம். ஏழுமலை பார்க்க வந்தார்.

சதீஸ் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"நான் கத்தலீங்க தலைவரே. அடுத்த வருசமும் தண்டு எனக்குத்தானுங்களே?"