மாலை போடாத படம்

சுவிஸில், டீட்டிகோன் நகரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. அப்பாவின் படத்துக்குப் பிளாஸ்ரிக் மாலை உண்டு. என் கணவரின் படத்துக்கு இல்லை. ஊரில் கடைசிச் சண்டையின்போது காணாமல் போனவர் அவர். உயிரோடு இருப்பவரின் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? நான் நெற்றியில் குங்குமம் வைப்பேன். தலையில் பூ மட்டும் வைப்பதில்லை. ஊர் வாய்க்குப் பயமா, என் மனசுக்கே பயமா என்று தெரியாது.

மகளுக்கு வில் என்ற ஊரில் இருக்கும் ஒரு பையனைப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கல்யாணத்துக்கு நாள் வைக்கும் கதை எடுத்தாலே, "அப்பா வரட்டும்" என்று தட்டிவிடுவேன். அவள் முகம் வாடி எழுந்து போய்விடுவாள். இப்படியே இழுத்துக்கொண்டு போனது.

மேல்மாடியில் ஓர் இங்கிலாந்துக்காரி இருக்கிறார். சுவிஸ்காரரைக் கட்டி இங்கே வந்தவர். எண்பதைத் தாண்டியும் தோட்டத்தில் மண் கொத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். முந்தின முறை வந்தபோதே படங்களைக் கவனித்து வைத்திருக்கிறார். ஒன்று வெறுமையாய் இருக்கிறதே, பாவம் என்று எண்ணித் தன் தோட்டத்துப் பூக்களை நூலில் கோர்த்துக்கொண்டு வந்திருந்தார். நான் குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்தேன். அவர் மாலையை என் கணவரின் படத்தில் போட்டுவிட்டார்.

தட்டோடு வந்த நான் அதைக் கண்டேன். "எடுங்கோ அதை" என்று தமிழிலேயே கத்தினேன். பிறகு எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெலவெலத்துப்போய் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வடையை எடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு தன் தாயைப் பற்றிச் சொன்னார். அந்தத் தாய் இங்கிலாந்தில் செம்மறியாடு வளர்க்கும் ஒரு கிராமத்துப் பெண். முதலாம் உலகப்போருக்குப் போன புருஷன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கையில் ஆண் குழந்தை. வந்தால் காலில் போட்டுக்கொள்ளட்டும் என்று அவனுடைய தோல் சப்பாத்துக்கு வருடக்கணக்காக எண்ணெய் பூசி வைத்திருந்தாளாம். ஒரு மழைக்காலத்தில் கூரை திருத்த வந்தவனின் சப்பாத்து வாய் பிளந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அந்தச் சோடியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"அவருக்கு அளவு கொஞ்சம் பெரிது. அவர்தான் என் அப்பா" என்று சிரித்தார் இங்கிலாந்துக்காரி.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"அந்தப் பிள்ளை?" என்று கேட்டேன்.

அவனை இரண்டாம் உலகப்போர் கொண்டுபோனதாம், அவனுடைய உடலும் கிடைக்கவில்லையாம். அதற்குப் பிறகும் அந்த மனுஷி எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

"முதலில் படுத்தபடுக்கைதான். பிறகு எழும்பினா. கல்யாண வீடுகளில் அவதான் முதல் ஆளாய் ஆடுவா. 'ரெண்டு பேரும் வந்தால் வரட்டும், அதுவரைக்கும் என்னால சும்மா இருக்க ஏலாது' எண்டு சொல்லுவா." அவர் ஜெர்மனில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது.

அன்று பின்னேரம் மகள் வந்தபோது, அவளைக் குளிர்ச்சட்டையைக் கழற்றக்கூட நான் விடவில்லை.

"பிள்ளை, ஐயரிட்டைக் கேட்டுக் கல்யாணத்துக்கு நாள் வையுங்கோ."

"அப்பா?"

"வந்தால் வரட்டும். வந்து மருமகனைப் பாக்கட்டும்."

அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். எவ்வளவு காலம் என் பிள்ளையைக் காக்க வைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு என் கணவரின் படத்தையும் மண்டபத்துக்குக் கொண்டுபோய் முன்வரிசைக் கதிரையில் வைத்தேன், மாலை இல்லாமல்தான். இங்கிலாந்துக்காரி இந்தமுறையும் பூ கோர்த்துக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.