பன்னிரண்டு பேரும் ஒரு பை தீப்பெட்டியும்

எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு போல்ட் குறைந்தாலும் தனசிங் அண்ணாச்சிக்குச் சோறு இறங்காது. தெலுங்குப் பக்கம் ராமச்சந்திராபுரத்தில் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். வீடு அல்வாலில். விடியுமுன் கம்பெனி பஸ் பிடித்து வந்து, கம்பி வலை அடித்த கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தாரென்றால் சாயங்காலம் சங்கு ஊதும்வரை எழுந்திருக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதருக்குக் காட்டில் நடக்கும் ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியாது. நான் சூசைராஜ், அவருக்கு அடுத்த மேஜை. என்னிடம்கூடச் சொன்னதில்லை.

மேதக் பக்கம் மஞ்சீரா ஆறு காட்டை ஒட்டி ஓடுகிறது. முதுகில் பையைச் சுமந்துகொண்டு ஆற்றோரமாக நாலு மைல் நடப்பது, ஒரு ராத்திரி தங்குவது, மறுநாள் அதே வழியில் திரும்புவது. பழக்கமில்லாதவர்களும் நடக்கக்கூடிய தூரம்தான். இதற்காகத் தொழிற்சாலை கிளப்புக்கு நாலு வருஷம் மனுப் போட்டார். 1974 டிசம்பரில் வெல்ஃபேர் ஆபீசர் ஒருவழியாகச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. பிசகில்லாமல் முடிந்தால் வருஷா வருஷம் அண்ணாச்சியே ஆட்களைக் கூட்டிப் போகலாம். பிசகினால் அவருக்கு அதுதான் கடைசி. அந்த வாரம் முழுக்க அண்ணாச்சி கவுண்டரில் யாரிடமும் எரிந்து விழவில்லை. நாங்களே பயந்துபோனோம்.

சனிக்கிழமை காலையில் பைகளைக் கட்டினார். வேறு யாராவது என்றால் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் பருப்பு என்று பிரித்திருப்பார்கள். இவர் ஸ்டோர்ஸ் முறையில் கட்டினார். அரிசி முழுவதும் ஒரு பை. பருப்பு ஒரு பை. பாத்திரங்கள் ஒரு பை. தீப்பெட்டிகள் ஒரு பை.

"எதுக்கு அண்ணாச்சி இப்படி?" என்று கேட்டேன்.

"ஒரு சாமான் ஒரே எடத்துல இருந்தாத்தான் கேட்ட நேரத்துல கைக்கு வரும், சூசை. காட்டுல போயி பன்னெண்டு பையையும் தொழாவிக்கிட்டா இருக்க முடியும்?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. பத்து வருஷமாக அதே ஸ்டோர்ஸில் குப்பை கொட்டியவன்தானே நானும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இன்னொன்றும் செய்தார். புகை பிடிப்பவர்களை வரிசையாக நிறுத்தி, அவர்களிடமிருந்த தீப்பெட்டிகளையும் வாங்கி அதே பையில் போட்டார். காய்ந்த புல்லில் எவனாவது குச்சியை எறிந்துவிடுவான் என்ற பயம். வாங்கியதற்கு ஆளுக்கொரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பையைச் சுமந்தவன் மெஷின் ஷாப் ஃபிட்டர் அய்யாக்கண்ணு. லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், வாய் சும்மா இருக்காது. "பீடி என்கிட்ட, பெட்டியும் என் முதுகுல. ஆனா தொடக்கூடாதாம். காய்கூ அண்ணே, எதுக்கு இந்தத் தொல்லை?" என்று உருது கலந்து வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

நடை சுகமாகத்தான் இருந்தது. மூன்று மைல் தாண்டியதும் ஓர் ஓடை குறுக்கே வந்தது. முழங்கால் தண்ணீர், அடியில் பாசி பிடித்த கல். அய்யாக்கண்ணு வழுக்கி மல்லாக்க விழுந்தான். எழுந்து அவனே சிரித்தான், நாங்களும் சிரித்தோம். பையின் நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை.

தங்குமிடத்தில் அடுப்புக்குக் கல் கூட்டி, சுள்ளியும் பொறுக்கிவிட்டோம். அண்ணாச்சி முதல் குச்சியை உரசினார். மருந்து சேறாக வழிந்தது. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி, எல்லாம் அப்படித்தான். வெயில் இறங்கிவிட்டது, டிசம்பர் குளிர், பன்னிரண்டு பேருக்கும் பச்சை அரிசிதான் மிச்சம். நனைந்த பெட்டிகளை அவர் ஒரு பாறைமேல் வரிசையாக அடுக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"வர்ற வழியில ஒரு தாண்டா இருந்துச்சு, பொகை தெரிஞ்சுது. வாய்யா சூசை," என்றான் அய்யாக்கண்ணு. ஈரக் கால்சட்டையோடு முன்னால் நடந்தான். அந்தத் தாண்டா, லம்பாடிகளின் குடிசைக் கூட்டம், ஒரு மைலில் இருந்தது. அவன் தெலுங்கில் கேட்டதும், ஒரு பெண் உடைந்த சட்டியில் கங்குகளை அள்ளிச் சாம்பலால் மூடிக் கொடுத்தாள். இத்தனை பேர் வந்தவர்கள் நெருப்பு கொண்டுவரவில்லையா என்று கேட்டுச் சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்புதான். சோறு வெந்தது, எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அண்ணாச்சி மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சியைத் தவிர அத்தனை பேரும் ஒரே பேச்சாக இருந்தோம். ஆபீசருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

திங்கட்கிழமை அவர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். "வேண்டாம் அண்ணாச்சி. நனைஞ்சுது, சமைச்சோம், சாப்டோம், வந்தோம். அதோட விடுங்க," என்றேன்.

"அடுத்த தடவை மழை பிடிச்சா? ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா? எங்க தப்பு நடந்துச்சுனு தெரியாம இன்னொருத்தன் இதையே செய்வான், வே."

எழுதியே விட்டார். எல்லோரிடமும் தீப்பெட்டியை வாங்கி ஒரே பையில் போட்டது தன் தவறு. ஆபத்தில் கைகொடுத்தவன் அய்யாக்கண்ணு. இனி அவனே கூட்டிப் போகட்டும். கீழே கையெழுத்து. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வருஷ ஆசையைத் தன் கையாலேயே தாரை வார்க்கும் ஆளை என்ன செய்வது? ஒரு வாரம் அவரோடு டீ குடிக்கப் போகவில்லை. ஆபீசர் அவர் கேட்டபடியே செய்தார்.

அடுத்த டிசம்பரில் கேன்டீன் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். தலைமை அய்யாக்கண்ணு. வர விரும்புகிறவர்கள் பெயர், பிரிவு, முன் அனுபவம் எழுத வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். முதல் வரியிலேயே அவருடைய உருண்டைக் கையெழுத்து: தனசிங், ஸ்டோர்ஸ். முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

கீழே என் பெயரை எழுதி, மூன்றாவது கட்டத்தில் அவர் எழுதியதையே நானும் எழுதினேன்.