தும்பி கொண்டுபோன அளவு

பிற்பகல் மூன்று மணி இருபது. படலைக்கு வெளியே ஓட்டோ நின்றதும் நான் முதலில் கண்டது இறங்கி வந்த பெண்ணை அல்ல. அவர் கையிலிருந்த வெள்ளைப் பையையும், அதன் வாயில் எட்டிப் பார்த்த நீலக் கம்பளியையும்தான். அப்போது எனக்கு எட்டு வயது. நான்கு மாதங்களாக நான் பயந்துகொண்டிருந்த பொருள் எங்கள் ஊர் செட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். தம்பிக்கு எட்டு மாதமாக இருந்தபோது போனவர். அதே வளவில் குடியிருந்த அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, எங்களைப் பார்த்துக்கொண்டார். தம்பிக்கு மூன்றாம் வயது நடக்கும்போது கோயிலில் மொட்டை அடிப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். நாள் மார்கழியில் விழுந்தது. மாரி மழையில் மொட்டைத் தலை குளிரும், நானே ஒரு தொப்பி பின்னி அனுப்புகிறேன் என்று தொலைபேசியில் சொன்னார். கூட வேலை செய்த இந்தோனேசியப் பெண் அவருக்கு ஊசிப் பின்னல் பழக்கியிருந்தாள். தம்பியின் தலையை நூலால் சுற்றி, அளவில் முடிச்சுப் போட்டு, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்ப வேண்டும்.

நாடாவால் அளந்து எண்ணைச் சொன்னால் போதாதா என்று அப்பா கேட்டார். எண்ணை மாறி வாசிக்கலாம், நூலை மாறி வாசிக்க ஏலாது என்றார் சின்னம்மா. தம்பி நித்திரையாக இருந்த நேரம் பார்த்து, கறுப்பு நூலால் புருவத்துக்கு மேலாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, கடித உறையோடு என்னிடம் தந்தார். உள்ளே வைத்து ஒட்டுவது மட்டுமே என் வேலை.

வேலிக் கம்பியில் ஒரு தும்பி இருந்தது. அதன் வாலில் கட்ட அந்த நூல் மிகவும் பொருத்தமாகப் பட்டது. கொஞ்ச நேரம் பறக்கவிட்டுப் பிறகு அவிழ்த்து உறைக்குள் வைப்பதுதான் என் திட்டம். தும்பிக்கு வேறு திட்டம் இருந்தது. முடிச்சும் நுனியுமாக, தம்பியின் தலை அளவு தென்னைகளைத் தாண்டி வாவிப் பக்கம் போயிற்று.

கடிதத்தைத் தபாலில் போட அப்பா களுவாஞ்சிக்குடிக்குப் போகச் சைக்கிளில் ஏறிவிட்டார். தம்பியைத் தொட்டால் விழிப்பான், விழித்தால் சின்னம்மா வருவார். நான் தையல் பெட்டியிலிருந்து புது நூல் எடுத்து, என் தலையைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு, உறையை எச்சில் தொட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு எனக்கு இருந்த ஒரே வழி, தம்பியின் தலை வளர்வது. என் பங்கு முட்டையின் மஞ்சள் கருவை அவனுக்கு ஊட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் யாருக்கும் தெரியாமல் அளந்து பார்த்தேன். அவன் வயிறு வளர்ந்தது. தலை வளர்ந்ததாகத் தெரியவில்லை.

ஓட்டோவில் வந்த அந்தப் பெண் லீவில் வந்தவர். அம்மாவோடு ஒரே தெருவில் வேலை செய்பவர். பையைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று சொன்னார்: "ராவு ராவா இரிந்து பின்னினதுகா. வேலை முடிஞ்சு கண்ண மூடுற நேரத்தில. என்னத் தொடவும் விடல்ல."

மொட்டைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சின்னம்மா தொப்பியை எடுத்து உதறினார். நீல நிறம், காதை மூட இரண்டு மடல்கள், நாடியில் கட்டக் கயிறு. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொப்பி அவன் கண்ணை மறைத்து மூக்கில் வந்து நிற்கும், எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன்.

தொப்பி ஏறவேயில்லை.

மேல் பின்னல் இழுபட்டது. விளிம்பு மட்டும் கம்பி மாதிரி இறுகிக் கிடந்தது. சின்னம்மா இரண்டு கையாலும் இழுத்து உச்சியில் வைத்தார். மடல்கள் காதுக்கு மேலே கொம்பு போல் நின்றன.

"நூல் அனுப்பினதுதானே?" என்றார் அப்பா.

"நானே அளந்து இவள்ட கையிலதான் குடுத்தன். உள்ளுக்கு வெச்சதானே புள்ள?"

"ஓம்" என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பெரிய நூல் அனுப்பியவளுக்குச் சிறிய தொப்பி எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

நாலு மணிக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. சாமான் சேர்ந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும். சின்னம்மா போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"போட்டுப் பாத்தியாகா? அளவு எப்படி?"

சின்னம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா முற்றத்தைப் பார்த்தார்.

"அளவெடுத்தாப்போல இரிக்கு அக்கா."

அந்தப் பக்கம் அம்மா சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பை அந்தப் போனில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"பாத்தியா! நீ அனுப்பின நூல நான் நம்பவேயில்ல. சுத்திப் பாத்தா அது என்ட தலைக்கே கிட்டமுட்ட வருதுகா. மாட்டுத் தலையயா அளந்த நீ? அதத் தூக்கி வெச்சிட்டு, கண்ண மூடிக்கிட்டு கை அளவிலதான் பின்னின நான். என்ட புள்ளட தல எனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன" என்றார் சின்னம்மா.

தம்பி தொப்பியைப் பிடித்து இழுத்தான். சின்னம்மாவின் சட்டையைப் பற்றிக்கொண்டு, "அம்மா, இறுக்குது. கழட்டுங்க அம்மா" என்றான். அவரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"கழட்டப்படாது மகன்" என்றது போன். "அம்மா பின்னினது. கொஞ்ச நேரம் போட்டிரிங்க மனே."

அவன் போனைப் பார்த்தான். பிறகு சின்னம்மாவைப் பார்த்தான். சின்னம்மா தொப்பியை மெல்ல எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். படம் பிடித்து அனுப்பச் சொல்லி அம்மா போனை வைத்தார்.

படம் மொட்டையன்று எடுத்தோம். தொப்பி விழாமல், கையை மறைத்து, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது நான். அது எனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்தேன். ஆனால் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. தப்பிவிட்டேன் என்ற சந்தோசத்தில் அன்று மோதகம் நாலு சாப்பிட்டேன். அழைப்பு வந்த நாளில், போனை வைத்த பிறகு சின்னம்மா வேலிப் பக்கம் கிறுகி நின்று வெகுநேரம் திரும்பாததை, நூல் விசயம் பிடிபட்டுவிட்டது, என் மேல்தான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் தம்பிக்கு ஏதோ விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. அவனுடைய கிளினிக் கொப்பியைத் தேடி அலுமாரியைக் கிளறினேன். கொப்பிக்கு அடியில் தொப்பியும் இருந்தது. கொப்பியில் மாதாமாதம் நிறை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாம் மருத்துவ மாதின் கையெழுத்தில் இருக்கிறது. அம்மா போன எட்டாம் மாதக் கட்டத்தில், தலைச் சுற்றளவு நாற்பத்து நாலு சென்ரிமீற்றர்.

அளவு நாடாவை எடுத்துத் தொப்பியின் விளிம்பைச் சுற்றிப் பிடித்தேன். நாற்பத்து நாலு.